முப்பது வழக்கு இருந்தால் சுடலாமா?

சென்னையில் கிரைம் பார்க்கும் நிருபர்களுக்கு என்கவுன்டர் செய்தி எழுத அதிக நேரம் பிடிக்காது. நேரம், அதிகாலை. இடம், ஆள் நடமாட்டம் குறைந்த புறநகர். பிடிபட்டவரை, பதுக்கிவைத்த ஆயுதத்தைக் கைப்பற்ற அழைத்துப் போகிறார்கள். அவர் அங்கே ஒளித்துவைத்திருந்த கள்ளத் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறார். இன்ஸ்பெக்டர் தற்காப்புக்காகத் திருப்பிச் சுடுகிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், ஏற்கெனவே இறந்துவிட்டதாக டாக்டர்கள் சொல்கிறார்கள். அடுத்த பத்தியில் பட்டியல்: இவர் மீது இத்தனை கொலை வழக்கு, இத்தனை கொலை முயற்சி, ஆள்கடத்தல், கட்டப்பஞ்சாயத்து, இத்தனை முறை குண்டர் சட்டம்.

2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒன்பதாவது நாள், அந்த வழக்கில் கைதான ஒருவர் மாதவரம் பக்கம் ஆயுதம் எடுக்க அழைத்துப் போகப்பட்டபோது சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 18 வியாசர்பாடியில் இன்னொரு ரவுடி. செப்டம்பர் 23 நீலாங்கரையை அடுத்த அக்கரையில் மற்றொருவர். இதுவும் ஆயுதம் எடுக்கப் போன இடம். ஏறக்குறைய பத்து வாரத்தில் சென்னையில் மூன்று பேர்.

மூன்றிலும் போலீஸ் சொன்னது அப்படியே உண்மையாக இருக்கலாம். அதை விசாரிக்கும் இடம் பத்திரிகை அலுவலகம் அல்ல. உறுத்துவது அந்தப் பட்டியல்தான். செத்தவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. சட்டம் கேட்பதோ வேறு: டிரிகர் அழுத்தப்பட்ட அந்தக் கணத்தில் யாருடைய உயிராவது போகும் நிலையில் இருந்ததா? வேறு வழி ஏதும் மிச்சமிருந்ததா? ஒரு வழக்குகூட இல்லாத ஆள் அரிவாளோடு ஒரு குழந்தையை நோக்கி ஓடினால் அவரைச் சுடலாம். முப்பது வழக்கு உள்ளவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் சுடக் கூடாது. பட்டியலின் நீளம் கணக்கிலேயே வராது.

சட்டம் கொடுத்திருப்பது

போலீசுக்குச் சுடுவதற்கென்று தனி லைசென்ஸ் எதையும் சட்டம் எழுதித் தரவில்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இன்ஸ்பெக்டர் ‘தற்காப்பு’ என்று சொல்லும்போது, நீங்களும் நானும் கேட்கக்கூடிய அதே உரிமையைத்தான் கேட்கிறார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உயிருக்கோ, கொடுங்காயம் ஏற்படும் அளவுக்கோ ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட எதிர்க்கலாம். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் கூடாது. ஆபத்து நீங்கிய நொடியில் உரிமையும் போய்விடும்.

கைது செய்யும்போது பலம் பிரயோகிக்கும் அதிகாரம் தனி. எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான எல்லாவற்றையும் போலீஸ் செய்யலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவரை, பிடிக்கும் சாக்கில் கொல்லும் உரிமை கிடையாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-வது பிரிவு சொன்னது. புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 43-வது பிரிவின் 4-வது உட்பிரிவு. இதைத் தலைகீழாகப் படிப்பவர்களும் உண்டு: ‘அப்படியானால் கொலைக் குற்றவாளியைச் சுடலாமே!’ இல்லை. அது ஓடுகிறவரையோ எதிர்க்கிறவரையோ பிடிப்பதைப் பற்றிய பிரிவு. ஏற்கெனவே பிடிபட்டு ஜீப்பில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது அல்ல.

2012-இல் ஓம் பிரகாஷ் எதிர் ஜார்க்கண்ட் அரசு என்ற வழக்கில், ஜாம்ஷெட்பூரில் சுட்ட போலீஸ்காரர்கள் மீதான வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போலீசுக்குச் சாதகமான அந்தத் தீர்ப்பிலேயே, ஒருவன் குற்றவாளி என்பதற்காக அவனைக் கொல்வது போலீசின் கடமை அல்ல, பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவதுதான் கடமை என்றும் சொன்னது. அதற்கு முந்தைய வருடம், ஒரு காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியாக இருந்த மார்க்கண்டேய கட்ஜு இன்னும் கடுமையாகப் போனார். போலி என்கவுன்டர் செய்த போலீஸ்காரருக்குத் தூக்கு கொடுக்க வேண்டும், மேலதிகாரி உத்தரவு என்ற சமாதானம் எடுபடாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் எழுதினார். தூக்கைப் பொறுத்தவரை எனக்கு உடன்பாடில்லை. கொலைக்குக் கொலை என்று இறங்கினால் நாமும் அந்தப் பட்டியல்காரர்கள் பக்கம்தான் போய் நிற்போம்.

சௌபாத்தியில் ஒரு லத்தி

சுடுவது நியாயம்தான் என்று மறுபேச்சில்லாமல் சொல்லக்கூடிய சம்பவங்கள் உண்டு. 2008 நவம்பர் 26 நள்ளிரவு, மும்பை கிர்காம் சௌபாத்தி. தடுப்பு போட்டு நிற்கிறது போலீஸ். சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுவிட்டு வந்த இரண்டு பேர், பறித்த ஸ்கோடா காரில் வருகிறார்கள். தடுப்பைக் கண்டதும் வண்டி திரும்பப் பார்த்து டிவைடரில் ஏறி நிற்கிறது. துப்பாக்கிச் சண்டை. ஓட்டிவந்த அபு இஸ்மாயில் கொல்லப்படுகிறான். அதைத் தவறென்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

மறுபக்கக் கதவு வழியாக இறங்கியவன் கசாப். உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே கையில் துப்பாக்கி இல்லை, லத்திதான். பாய்ந்து ஏ.கே.47-இன் குழலைப் பிடித்துக்கொண்டார். குண்டுகள் அவர் உடம்புக்குள் இறங்கின, பிடி விடவில்லை. அந்த இடைவெளியில் சக போலீஸ்காரர்கள் கசாப்பை அமுக்கினார்கள். அந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே முடித்திருந்தால் கேட்க நாதி இருந்திருக்காது. முடிக்கவில்லை. மும்பையைத் தாக்க வந்த பத்துப் பேரில் உயிரோடு சிக்கியவன் அவன் ஒருவன்தான். கராச்சியிலிருந்து எப்படிக் கிளம்பினார்கள், யார் பயிற்சி கொடுத்தது என்பதெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது. விசாரணை நடந்தது, மேல்முறையீடு நடந்தது, 2012 நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டான். ஓம்ப்ளேவுக்கு அசோக சக்ரா.

ஒரே கார், ஒரே இரவு, ஒரே போலீஸ் அணி. ஒருவனைச் சுட்டது நியாயம். மற்றவன் பிடிபட்ட பிறகு சுட்டிருந்தால் அது நியாயமாகியிருக்காது. செய்த குற்றம் இருவருக்கும் ஒன்றேதான்.

நம் ஊரிலும் இருக்கிறது உதாரணம். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். சொந்தத் துறையைச் சேர்ந்தவரைக் கொன்றவர்களைத் தேடும்போது போலீசுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்குள் தேடப்பட்ட இருவரும் கர்நாடகத்தின் உடுப்பியில் உயிரோடு பிடிபட்டார்கள். வழக்கு தேசியப் புலனாய்வு முகமை வரை போனது. உயிரோடு பிடிப்பது எட்டாக் கனி அல்ல.

அதே சமயம், போலீஸ்காரரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பர் 27 அன்று திருச்சூரில் ஏ.டி.எம்.களை உடைத்த கும்பல், கன்டெய்னர் லாரிக்குள் காரை ஏற்றிக்கொண்டு நாமக்கல் மாவட்டத்துக்குள் வந்தது. துரத்திய வண்டிகளை லாரி இடித்துக்கொண்டே போனது. மடக்கிய பிறகு நடந்த மோதலில் ஒருவர் கொல்லப்பட்டார், போலீசுக்கும் காயம். ஓடும் லாரியே ஆயுதம்தான். நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் ஒரு இன்ஸ்பெக்டருக்குக் கிடைப்பது சில நொடிகள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து அந்த நொடிகளை மணிக்கணக்கில் அலசுவது எளிது. அதனால்தான் சட்டமும் ‘நியாயமான அச்சம்’ என்கிறது. ஆபத்து உண்மையில் இருந்ததா என்று பிற்பாடு தெரியவருவதைவிட, அந்த இடத்தில் நின்றவருக்கு அப்படித் தோன்ற காரணம் இருந்ததா என்பதே அளவுகோல்.

‘காலில் சுட்டால் போதாதா?’ என்று டீக்கடையில் கேட்கிறார்கள். சினிமாவில் முடியும். கை நடுங்கும் நிலையில், நகரும் காலை 9 எம்.எம். பிஸ்டலால் குறிவைப்பது கைதேர்ந்தவர்களுக்கே சிரமம். தப்பிய குண்டு யார் மீது பாயும் என்று சொல்ல முடியாது. தொடையில் பெரிய தமனி ஓடுகிறது. அறுந்தால் நிமிடங்களில் உயிர் போகும். இன்னொரு சங்கடமும் உண்டு. நிதானமாகக் காலைக் குறிபார்த்துச் சுட அவகாசம் இருந்தது என்றால், உயிருக்கு உடனடி ஆபத்து இருந்ததா என்ற சந்தேகம் வரும். கைதானவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்ட படங்களைப் பார்த்துச் சிரித்துப் பழகிய நமக்கு, ‘காலில் சுட்டுப் பிடித்தனர்’ என்ற தலைப்பும் அதே வரிசையில் சேர்ந்துவிட்டது.

பூத்தூவிய பாலம்

2019 நவம்பர் 27 இரவு ஹைதராபாத் அருகே சம்ஷாபாத் சுங்கச்சாவடிப் பக்கம் ஓர் இளம் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். உடல் சட்டான்பள்ளி பாலத்தடியில் எரிக்கப்பட்டது. நாடே கொதித்தது. நான்கு பேர் கைதானார்கள். டிசம்பர் 6 விடியலில் அந்த நால்வரையும் அதே பாலத்தருகே அழைத்துப் போனார்கள். மருத்துவரின் செல்போன் உள்ளிட்ட பொருட்களை எடுக்க என்று சொல்லப்பட்டது. பத்து போலீஸ்காரர்கள் உடன் போனார்கள். நால்வரும் மண்ணை அள்ளிக் கண்ணில் வீசி, இரண்டு துப்பாக்கிகளைப் பறித்துச் சுட்டதாகவும், திருப்பிச் சுட்டதில் நால்வரும் இறந்ததாகவும் அன்றைய சைபராபாத் கமிஷனர் சஜ்ஜனார் பேட்டியளித்தார். போலீசில் இருவருக்குக் காயம். கல்லாலும் கட்டையாலும் பட்டவை. குண்டுக் காயம் யாருக்கும் இல்லை.

பாலத்தின் மேலிருந்து மக்கள் போலீஸ் மீது பூத்தூவினார்கள். பெண்கள் ராக்கி கட்டினார்கள். அந்தக் கோபத்தைக் கேலி செய்ய முடியாது. நிர்பயா வழக்கில் தூக்கு நிறைவேற ஏழு வருடத்துக்கு மேல் ஆன நாடு இது. பூத்தூவியவர்கள் போலீசுக்குக் கொடுத்த பாராட்டைவிட, நீதிமன்றத்துக்குக் கொடுத்த குட்டு பெரிது.

உச்ச நீதிமன்றம் மூவர் ஆணையம் அமைத்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி வி.எஸ். சிர்புர்கர். உடன் பம்பாய் உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ரேகா பல்டோட்டா. மூன்றாமவர், ராஜீவ் கொலை வழக்கின் சிறப்புப் புலனாய்வுக் குழுவை நடத்தியவர் என்று தமிழ்நாட்டுக்கு நன்கு தெரிந்த டி.ஆர். கார்த்திகேயன். அறிக்கையை எழுதியதில், சி.பி.ஐ.யின் இயக்குநராகவே இருந்த ஒரு போலீஸ்காரரின் கையும் உண்டு. போலீசை வெறுப்பவர்கள் எழுதியது என்று அதைத் தள்ளிவிட முடியாது.

2022 மே மாதம் வெளியான அந்த 387 பக்க அறிக்கை போலீஸ் சொன்ன கதையை நம்பவில்லை. சாகட்டும் என்ற எண்ணத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்றது. பத்துப் பேர் மீதும் கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. கூடவே இன்னொன்றையும் கண்டுபிடித்துச் சொன்னது: நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள். சட்டப்படி சிறார்கள். விசாரணை நடந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரியவந்திருக்கும். உச்ச நீதிமன்றம் விவகாரத்தைத் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

2008 டிசம்பரில் வாரங்கலில் மாணவிகள் இருவர் மீது ஆசிட் வீசிய வழக்கில் கைதான மூவரும் இதே போலப் பொருள் எடுக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார்கள். அப்போது அங்கே எஸ்.பி. இதே சஜ்ஜனார்.

ஏன் எப்போதும் பொருள் எடுக்கப் போன இடமாகவே இருக்கிறது? அதற்குச் சட்டக் காரணம் ஒன்று இருக்கிறது. போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் ‘கத்தியை இந்த இடத்தில் புதைத்தேன்’ என்று கைதானவர் சொல்லி, அங்கே கத்தி கிடைத்தால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு. ஆகவே ஆயுதம் எடுக்க அழைத்துப் போவது போலீசின் அன்றாட வேலை. எல்லாப் பயணமும் சதி அல்ல. ஆனால் சாட்சியில்லாத இடம், விடியாத நேரம், முழுக் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு மனிதர், இந்த மூன்றும் ஒன்றுசேரும் சந்தர்ப்பமும் அதுதான்.

செம்மரமும் ஸ்டெர்லைட்டும்

2015 ஏப்ரல் 7. திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திர செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள்; ஜவ்வாது மலையிலிருந்தும் தருமபுரிப் பக்கமிருந்தும் கூலிக்குப் போனவர்கள். கல்லும் அரிவாளும் கொண்டு பெருங்கூட்டமாகத் தாக்கினார்கள் என்றது ஆந்திர போலீஸ். சிலரை முந்தைய நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துப் போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். மரம் வெட்டியதற்கு ஆயுள் தண்டனை கிடையாது. பிடிப்பதற்காகக் கொல்லக் கூடாது என்ற பிரிவு இவர்களுக்காகவே எழுதியது போல இருக்கும். மரக் கட்டைகளுக்கு நடுவே வரிசையாகக் கிடந்த உடல்களின் படங்கள் வந்தபோது சென்னையில் கொந்தளிப்பு இருந்தது. ஆந்திராவில் அந்த அளவுக்கு இல்லை. ஹைதராபாத் சம்பவத்தில் நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் பறந்த கைதட்டல்களை நினைத்துப்பார்த்தால், சுடப்பட்டவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதைப் பொறுத்தே நம் அளவுகோலும் மாறுகிறது என்று தோன்றுகிறது.

கூட்டத்தைக் கலைக்கச் சுடுவது வேறு கணக்கு. அங்கே சட்டவிரோதக் கூட்டமா என்று முடிவு செய்ய வேண்டும், கலையச் சொல்ல வேண்டும், எச்சரிக்க வேண்டும், கண்ணீர்ப்புகை, தடியடி என்று படிப்படியாகப் போக வேண்டும். கடைசியில் சுட்டாலும் தாழ்வாக, குறைவாக, கூட்டம் திரும்பியதும் நிறுத்த வேண்டும். உத்தரவு மாஜிஸ்திரேட் அல்லது பொறுப்பு அதிகாரியிடமிருந்து வர வேண்டும்.

2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில், தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்தை நோக்கி மக்கள் போனார்கள். வேன் மேல் ஏறி நின்று, மஞ்சள் சட்டையில், துப்பாக்கியைக் குறிபார்த்த சாதாரண உடைப் போலீஸ்காரரின் படத்தை இன்னும் யாரும் மறக்கவில்லை. அன்றும் மறுநாளும் சுடப்பட்டதில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பதின்வயதுப் பெண். கலெக்டர் கோவில்பட்டியில் இருந்தார். சுட உத்தரவிட்டதாகப் பதிவானவர்கள் துணை தாசில்தார்கள். டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதல்வர்.

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. எச்சரிக்கை இல்லாமல், மறைவிடத்திலிருந்து, ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் சுட்டிருக்கிறார்கள் என்றது அது. 17 போலீசார் மீதும் அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது, முதல்வரின் டி.வி. கதையையும் ஏற்கவில்லை. அன்று வாகனங்கள் எரிந்தன, கல் வீசப்பட்டது, உண்மை. ஆனால் முதுகைக் காட்டி ஓடுகிறவர் யாருடைய உயிருக்கும் ஆபத்து அல்ல. வேறு எந்த வாதத்தையும் விட இந்த ஒன்று எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பதினாறு கட்டளைகள்

1995 முதல் 1997 வரை மும்பை போலீஸ் நடத்திய 99 என்கவுன்டர்களில் சுமார் 135 பேர் இறந்தார்கள். அதை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில்தான், 2014 செப்டம்பரில் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா, ஆர்.எஃப். நாரிமன் அமர்வு 16 நெறிமுறைகளை வகுத்தது. எஃப்.ஐ.ஆர். கட்டாயம். சுட்ட ஸ்டேஷனே விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் விசாரிக்க வேண்டும். துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ கூடாது.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும். 2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்ட பிறகு அதிரடிப்படையினருக்கு ஒரு படி பதவி உயர்வு, வீட்டு மனை, ரொக்கம் என்று அரசு அள்ளிக் கொடுத்தது. அது நெறிமுறை வருவதற்கு முன்பு. எனினும் சுட்டால் பரிசு, பிடித்தால் கோர்ட்டு கோர்ட்டாக அலைச்சல் என்ற பாடம் துறைக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. ‘காக்க காக்க’ (2003) பார்த்து விசிலடித்த தலைமுறைதான் இன்று இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. என்கவுன்டரைக் கேள்வி கேட்கும் ‘வேட்டையன்’ 2024-இல் வந்தபோது, தியேட்டரில் எழுந்த கைதட்டலில் பாதி அந்தப் படம் எதிர்த்த காட்சிகளுக்கே விழுந்தது.

புதிய நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இரண்டு சங்கதிகள் பேசாமல் கிடக்கின்றன. கொல்லும் உரிமை கிடையாது என்று சொல்லும் உட்பிரிவுக்கு நேர் மேலே, 43-வது பிரிவின் 3-வது உட்பிரிவு இருக்கிறது. கொலை, பாலியல் வன்கொடுமை, சட்டவிரோத ஆயுதம் ஆகிய குற்றங்களில் சிக்கியவருக்கும், திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவருக்கும் கைவிலங்கு போடலாம் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. ஹைதராபாத்தில் நால்வருக்கும் விலங்கு போடப்படவில்லை என்றார் கமிஷனர். அப்போது விலங்குக்குக் கட்டுப்பாடு இருந்தது. இப்போது அந்தச் சாக்கு இல்லை. முப்பது வழக்கு உள்ளவர், விடியற்காலையில், ஆயுதம் இருக்கிற இடத்துக்கு, ஏன் விலங்கில்லாமல் போனார்?

இரண்டாவது, 105-வது பிரிவு. தேடுதலையும் பறிமுதலையும் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும், செல்போனில் எடுத்தாலும் போதும் என்கிறது. மாதவரம், அக்கரை இரண்டும் அந்தச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு நடந்தவை. கஸ்டடியில் இருப்பவர் இறந்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். அப்படி விசாரிப்பவர் முதல் நாளிலேயே இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்க வேண்டியது அந்தக் காணொளியை. இருந்தால், தற்காப்புக்காகச் சுட்ட போலீஸ்காரருக்கு அதைவிடப் பெரிய காப்பு வேறில்லை. இல்லையென்றால், கேமரா ஏன் ஓடவில்லை என்பதற்கு அவர் எழுத்தில் பதில் தர வேண்டும்.